4.0 என்பது ஆண்டுக் கணக்கா? அப்பாவின் எம்.டி.எஸ். அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவி வேண்டும்

கேள்வி: குடியாத்தத்து மகன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 66. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஷூ கம்பெனியில் பசை தடவும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தை மாதக் கடைசியில், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். குடியாத்தத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருந்ததால், அங்கேயே இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். வேலூரில் பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துச் சோதித்ததில், மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ்., என்று தெரியவந்தது.

வேலூர் அறிக்கையின்படி ஹீமோகுளோபின் 8.4, வெள்ளணுக்கள் 3,100, அதில் நியூட்ரோஃபில் 42 சதவீதம், பிளேட்லெட் 71,000. மஜ்ஜையில் பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள் 4 சதவீதம். குரோமோசோம் பரிசோதனையில் 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு துண்டு இல்லை என்று போட்டிருக்கிறது. மரபணுப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

டாக்டர் தம் குறிப்பில் 'ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் 4.0, இண்டர்மீடியட்' என்று எழுதியிருக்கிறார். அதைப் பார்த்த என் தாய்மாமா, 'நாலு வருஷம்தான்னு எழுதிட்டாங்க' என்று வீட்டில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நானே போனில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் 4.0 வரவில்லை, 3.5 வருகிறது. இன்னொரு பட்டியலில் 'இண்டர்மீடியட்-1' என்பதற்கு எதிரே 3.5 ஆண்டு என்று பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இந்த எண்கள் எதைக் குறிக்கின்றன, எது சரி, டாக்டர் கணக்கில் பிழை இருக்குமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். அப்பா எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்ப்பேனா?

பதில் 1: ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன், வேலூர்

தம்பி, முதலில் உங்கள் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். 4.0 என்பது நோயின் அபாயத்தை அளக்கும் மதிப்பெண், ஆண்டு அல்ல. உங்கள் மாமா படித்தது, பரீட்சைத் தாளில் 40 என்று போட்டிருப்பதைப் பார்த்து மாணவனுக்கு வயது நாற்பது என்று சொன்னதற்குச் சமம்.

அந்த மதிப்பெண் ஐந்து விஷயங்களைக் கூட்டி வருவது. உங்கள் அப்பாவின் எண்களையே வைத்துப் பார்ப்போம். பிளாஸ்ட் 2 சதவீதத்துக்கு மேல், 5-க்குக் கீழ் என்றால் 1 மதிப்பெண். அவருக்கு 4 சதவீதம், ஆகவே 1. பிளேட்லெட் ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அரை, அவருக்கு அரை. நியூட்ரோஃபில்லைச் சதவீதத்தில் பார்க்கக் கூடாது, எண்ணிக்கையாக மாற்ற வேண்டும்: 3,100-இல் 42 சதவீதம் 1,302, அது 800-க்கு மேல் என்பதால் பூஜ்யம். குரோமோசோம் மாற்றங்களை மிக நல்லது முதல் மிக மோசம் வரை ஐந்து வகையாகப் பிரித்து 0 முதல் 4 வரை போடுவார்கள். மாற்றமே இல்லாதவர்களும், 20-ஆம் குரோமோசோமில் இந்தத் துண்டு மட்டும் இல்லாதவர்களும் ஒரே 'நல்லது' வகையில் வருகிறார்கள், அதற்கு 1. இதுவரை இரண்டரை ஆயிற்று.

எஞ்சியது ஹீமோகுளோபின். 10-க்கு மேல் என்றால் பூஜ்யம், 8-லிருந்து 10-க்குள் 1, 8-க்குக் கீழே போனால் ஒன்றரை. நீங்கள் 8.4-ஐ வைத்து 1 போட்டதால் 3.5 வந்தது. ஆனால் அந்த 8.4 இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றிய பிறகு வந்த எண் அல்லவா? கொடுத்த ரத்தத்தைச் சேர்த்து எண்ணினால் மஜ்ஜையின் உண்மையான நிலை தெரியாது. ஏற்றுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று தேடிப் பாருங்கள். அது 8-க்குக் கீழ் என்றால் டாக்டரின் 4.0-க்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

மொத்தம் ஒன்றரை வரை மிகக் குறைந்த அபாயம், 3 வரை குறைந்த அபாயம், 3-ஐத் தாண்டி நாலரை வரை நடுத்தரம், 6 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம். 3.5 ஆனாலும் 4.0 ஆனாலும் பெட்டி ஒன்றுதான், நடுத்தரம். நீங்கள் பார்த்த 'இண்டர்மீடியட்-1' 1997-இல் வந்த பழைய அளவுகோல். 816 நோயாளிகளை வைத்து உருவாக்கியது. இப்போது டாக்டர் பயன்படுத்தியிருப்பது 2012-இல் 7,012 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு திருத்தியது. இரண்டிலும் 'இண்டர்மீடியட்' என்ற சொல் வருவதால் ஒரு பட்டியலின் பெயரை இன்னொன்றின் ஆண்டோடு சேர்த்துப் படித்துக் குழம்புகிறவர்களை நான் எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மேசையில் என் பாதி ஆயுள் கழிந்தது. பிளாஸ்ட் 4 சதவீதம் என்றால், கண்ணாடித் தகட்டில் 500 செல்களை ஒவ்வொன்றாக எண்ணியதில் 20 பிளாஸ்ட் என்று பொருள். அதுவே 25 இருந்திருந்தால் 5 சதவீதமாகி இரண்டு மதிப்பெண் வந்திருக்கும், மொத்தம் ஒரு படி ஏறியிருக்கும். ஒருவர் பிளாஸ்ட் என்று எண்ணுவதை, உள்ளே சில மணிகள் தெரிகின்றன, இது அடுத்த நிலைச் செல் என்று பக்கத்தில் இருப்பவர் விலக்குவதும் உண்டு. மஜ்ஜையோடு வெளிரத்தம் அதிகம் கலந்து வந்தாலும் எண்ணிக்கை குறைந்து காட்டும். அதனால்தான் எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை அனுபவமுள்ள டாக்டர்கள் ஒற்றை அறிக்கையை வைத்து முடிவுகட்டுவதில்லை.

பதில் 2: ரத்தநோய்ப் பிரிவில் பயிற்சி பெற்ற மருத்துவர்

வணக்கம். தங்கள் தந்தையை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே சிகிச்சை பற்றிய முடிவு அவருடைய மருத்துவருடையதே. மேலே ஐயா எழுதிய கணக்கு சரி. இந்த எண்ணை நாங்கள் எதற்காகப் போடுகிறோம் என்பதை மட்டும் விளக்குகிறேன்.

எம்.டி.எஸ். என்ற ஒரே பெயருக்குள், பல ஆண்டுகள் ரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளக்கூடிய நோயும் இருக்கிறது, சில மாதங்களில் கடும் ரத்தப் புற்றுநோயாக மாறக்கூடிய நோயும் இருக்கிறது. முதல் வகையினருக்குக் கடுமையான சிகிச்சை தருவது தீங்கு. இரண்டாம் வகையினருக்குக் காத்திருப்பது தீங்கு. இவரை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்குத்தான் இந்த மதிப்பெண். நடுத்தரப் பெட்டி இரு பக்கமும் கால் வைத்திருப்பதால், அதற்குள்ளேயே 3.5 என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, அதுவரை உள்ளவர்களைக் குறைந்த அபாயத்தோடும் அதைத் தாண்டியவர்களை அதிக அபாயத்தோடும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. தாங்கள் கேட்ட அந்த அரை மதிப்பெண் வித்தியாசம் இந்தக் கோட்டின் மீதே விழுகிறது. ஆகவே தாங்கள் அதைக் கேட்டது மிகச் சரி.

இந்த இடத்தில்தான் மரபணுப் பரிசோதனை உதவும். 2022-இல் வெளிவந்த ஐ.பி.எஸ்.எஸ்.-எம் என்ற அளவுகோல், 2,957 நோயாளிகளை ஆராய்ந்து, ரத்த எண்ணிக்கை, பிளாஸ்ட், குரோமோசோம் ஆகியவற்றோடு 31 மரபணுக்களையும் சேர்த்து ஆறு பிரிவுகளாக வகுக்கிறது. பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்கு இடம் மாறியவர்கள் 46 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் மேலே, அதாவது கூடுதல் அபாயப் பக்கம் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எஸ்.எஃப்.3.பி.1 மரபணுவில் மட்டும் மாற்றம் இருந்தால் அது பொதுவாக நல்ல செய்தி. மஜ்ஜை அறிக்கையில் வளைய வடிவில் இரும்பு படிந்த சிவப்பணு முன்னோடிகள் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். டி.பி.53 மரபணுவின் இரு நகல்களும் பழுதாகியிருந்தால் அது கவலைக்குரியது. ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1, ரன்க்ஸ்1 போன்றவையும் அபாயத்தைக் கூட்டுபவை.

குறைந்த அபாயம் என்றால் குறிக்கோள் சோகையைச் சமாளிப்பதே. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி பலன் தருமா என்பதற்குக்கூட முன்கூட்டியே ஒரு கணிப்பு உண்டு: ரத்தத்தில் இயற்கையாக உள்ள எரித்ரோபொய்ட்டின் 500 யூனிட்டுக்குக் குறைவாகவும், மாதம் ஏற்றும் ரத்தம் இரண்டு யூனிட்டுக்குக் குறைவாகவும் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதிக அபாயம் என்றால் அசாசிட்டிடின் போன்ற மருந்து, 28 நாளுக்கு ஒரு முறை ஏழு நாள் ஊசியாக. நான்கு முதல் ஆறு சுற்றுகள் முடியும்வரை பலனைத் தீர்மானிக்க முடியாது என்பதால் பொறுமை வேண்டும்.

நோயை வேரறுக்கக்கூடிய ஒரே வழி மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை. வேலூர் சி.எம்.சி.யில் இது 1986-லிருந்து நடந்துவருவதால், நம் பகுதி மக்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு. எனவே நோயின் மதிப்பெண்ணைப் போலவே நோயாளியின் உடலுக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறோம்: இதயம், நுரையீரல், கல்லீரல், சர்க்கரை, முன்பு வந்த புற்றுநோய் என்று 17 நிலைகளைப் பார்த்து 2005-இல் வகுத்த அட்டவணை அது. 60 முதல் 70 வயது வரை உள்ளவர்களைப் பற்றி 2013-இல் வந்த ஓர் ஆய்வு, அதிக அபாயப் பக்கம் உள்ளவர்களுக்கே முன்கூட்டிய மாற்றுச் சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறது, குறைந்த அபாயக்காரர்களுக்கு அப்படியில்லை என்று காட்டியது. தங்கள் தந்தை 66 வயதில் எல்லைக்கோட்டில் நிற்பதால், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மருத்துவர் கேட்டால் பதற வேண்டாம். ஒவ்வொரு உடன்பிறப்பும் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். அதை முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது வழக்கம்.

பதில் 3: கணக்கு வாத்தியார், ஆற்காடு

தம்பி, நான் டாக்டரும் இல்லை, லேப்பிலும் இருந்ததில்லை. என் மனைவிக்கு 2014-இல் இதே நோய் வந்தது. அவர்களுக்குக் 'குறைந்த அபாயம்' என்று எழுதினார்கள். அந்தப் பெட்டிக்கு எதிரே 5.3 ஆண்டு என்று இருந்ததைப் பார்த்து, 33 ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்த நானே ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகுதான் அந்த எண் எந்த வகை எண் என்று யோசித்தேன்.

அது சராசரி அல்ல, இடைநிலை அளவு. பள்ளிப் புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான்: எண்களை ஏறுவரிசையில் எழுதி நடுவில் நிற்பதை எடுப்பது. ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். ஏழு பேர் முறையே அரை, 1, 2, 3, 6, 9, 11 ஆண்டுகள் வாழ்ந்தார்கள் என்று வையுங்கள். இடைநிலை அளவு 3. ஆனால் கடைசி மூவரில் ஒருவர்கூட மூன்றுக்குப் பக்கத்தில் இல்லை பாருங்கள். முதல் மூவரும் அதை எட்டவில்லை. நடுவில் நிற்பவரின் எண்ணை ஏழு பேருக்கும் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது. 2012 அளவுகோலில் ஐந்து பெட்டிகளுக்கும் முறையே 8.8, 5.3, 3.0, 1.6, 0.8 ஆண்டு என்று இருக்கும். உங்கள் அப்பா பெட்டிக்கு 3.0. பாதிப் பேர் அதற்குள் போனார்கள் என்பது உண்மை, அதைச் சர்க்கரை தடவிச் சொல்ல நான் விரும்பவில்லை. மறு பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. இன்னொரு பத்தியும் இருக்கும்: கால்வாசிப் பேருக்கு ரத்தப் புற்றுநோயாக மாற எவ்வளவு காலம் ஆயிற்று என்று. நடுத்தரத்துக்கு 3.2 ஆண்டு, குறைந்த அபாயத்துக்கு 10.8. இரண்டு பத்தியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

யாரை வைத்து அந்த எண்களை எடுத்தார்கள் என்பதையும் நான் எங்கள் டாக்டரிடம் கேட்டேன். நோயின் போக்கை மாற்றும் சிகிச்சை எதுவும் பெறாதவர்களை வைத்து என்றார். முன்பு வேறு புற்றுநோய்க்கு மருந்தோ கதிர்வீச்சோ எடுத்து அதனால் எம்.டி.எஸ். வந்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆக, சிகிச்சை எடுத்துக்கொள்ளப்போகும் உங்கள் அப்பாவுக்கு அது தொடக்கப் புள்ளி. வயதும் அந்த மொத்தத்தில் சேராது; வயதைச் சேர்த்துக் கணக்கிடத் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

என் மனைவிக்கு நான்கு ஆண்டு ஊசியிலேயே ஓடியது. பிறகு மாதம் ஒரு யூனிட், இப்போது மூன்று வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் சேர்ந்துவிடும், வெளியேற வழியில்லை என்பதால், தேங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, இரும்பை வெளியேற்றும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஏற்றும் முன் ஹீமோகுளோபின், யூனிட், ஃபெரிட்டின் என்று நான்கு கோடு போட்டு எழுதி வருகிறேன். டாக்டர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டைத்தான் பார்ப்பார். ரத்தம் ஏற்றும் இடைவெளி குறுகுவது எந்தப் பட்டியலையும்விடச் சீக்கிரம் சேதி சொல்லும்.

பதில் 4: ஆம்பூர்த் தோழி

அண்ணா, அப்பா பசைப் பிரிவில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள், நீங்கள் கேட்காவிட்டாலும் மனதில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன். பசையைக் கரைக்கும் திரவங்களில் பென்சீன் இருந்தால் அது மஜ்ஜையைப் பாதிக்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்த உண்மை. ஆனால் குறிப்பிட்ட ஒருவருக்கு அதனால்தான் வந்தது என்று இந்தச் சோதனைகளால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று என் பெரியப்பாவுக்குப் பார்த்த டாக்டர் சொன்னார். இருந்தாலும் வேலை விவரத்தை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். பெரியப்பா விஷயத்தில் நாங்கள் அதைச் சொல்லாமலே விட்டுவிட்டோம்.

கேள்வி கேட்டவரின் பதில்: குடியாத்தத்து மகன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. லேப் ஐயா சொன்னபடி தேடியதில், ரத்தம் ஏற்றுவதற்கு முன் குடியாத்தத்தில் எடுத்த சீட்டு அப்பாவின் ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தது. ஹீமோகுளோபின் 6.7. ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 4.0. டாக்டர் கேஸ் ஷீட்டில் இந்த 6.7-ஐ முதல் பக்கத்திலேயே குறித்திருக்கிறார். நான்தான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டு, அவர்மேல் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

மஜ்ஜை அறிக்கையில் மருத்துவர் சொன்ன அந்த வரியும் இருக்கிறது: வளைய வடிவ சிடரோபிளாஸ்ட் 18 சதவீதம். அதற்கு மேல் நான் எதுவும் எண்ணிக்கொள்ளவில்லை, மரபணு முடிவு வரட்டும் என்று இருக்கிறேன். இயற்கை எரித்ரோபொய்ட்டின் அளவைப் பார்க்க முடியுமா என்று அடுத்த முறை கேட்கப் போகிறேன். பசைப் பிரிவில் இருந்ததையும் சொல்வேன். அத்தைகள் இருவரும், சித்தப்பாவும் ரத்தம் கொடுத்துப் பார்க்கத் தயார் என்று சொல்லிவிட்டார்கள்.

மாமாவிடம் மதிப்பெண் விஷயத்தை விளக்கினேன். 'அப்போ நாலு எத்தனை மார்க்குக்கு?' என்று கேட்டார், பத்து என்று சொன்னேன். உண்மையில் உச்ச வரம்பு 10 தான், கூட்டிப் பார்த்துவிட்டேன். அம்மா நேற்று இரவு இரண்டு இட்லி சாப்பிட்டார். அப்பாவுக்கு இந்தக் கணக்கில் எதிலும் அக்கறை இல்லை. ரத்தம் ஏற்றும் நாள், சிரசுத் திருவிழா நடக்கும் வைகாசி ஒன்றாம் தேதியில் விழாமல் இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளலாமா என்று நர்ஸ் அம்மாவிடம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார்.